பிழையற்ற நிரலைத் தேடி – 11: முப்பத்தேழாவது விநாடி

சென்ற வாரம் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தோடு நிறுத்தியிருந்தோம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அந்த இயந்திரத்தால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அதற்குக் காரணமான நிரல் பிழைகளில் ஒன்று பழைய தெராக்-20 இயந்திரத்தின் நிரலிலும் இருந்திருக்கிறது. அங்கே தனியாகப் பாதுகாப்புப் பூட்டுகள் காவல் இருந்ததால், அது யாரையும் தொடாமல் வருடக்கணக்கில் உறங்கியது. புதிய இயந்திரத்தில் பூட்டுகளைக் கழற்றிவிட்டு, நிரலை மட்டும் நம்பினார்கள்.

ஓரிடத்தில் ஒழுங்காக உழைத்த நிரல் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வி இன்னும் பெரிய மேடையில், கேமராக்களுக்கு முன்னால் எழுந்த நாள் 1996 ஜூன் 4.

* * *

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பிரெஞ்சு கயானா. அங்கே கூரூ.

மூத்த வாசகர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் பழக்கமாக இருக்கும். மாட்டுவண்டியில் ஒரு செயற்கைக்கோளை ஏற்றி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற இஸ்ரோ படம் நினைவிருக்கிறதா? அந்த ஆப்பிள் செயற்கைக்கோள் 1981 ஜூன் 19 அன்று கூரூவிலிருந்துதான் விண்ணுக்குப் போனது. ஏற்றிச் சென்றது ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட், அதன் மூன்றாவது பறப்பில். அதற்குப் பிறகு நம் இன்சாட்கள் பலவும் ஏரியான் முதுகில் ஏறித்தான் போயின.

1996-ல் அந்தக் குடும்பத்தின் புதிய பிள்ளை ஏவுதளத்தில் நின்றது. ஏரியான்-5. எரிபொருள் நிரப்பிய நிலையில் 700 டன்னுக்கு மேல் எடை. இரு பக்கமும் இரண்டு ராட்சத பூஸ்டர்கள். ஐரோப்பிய நாடுகள் 1987-ல் ஒப்புதல் கொடுத்து, ஏறக்குறைய பத்தாண்டு உழைத்து எழுப்பிய ராக்கெட்.

உச்சியில் நான்கு செயற்கைக்கோள்கள். கிளஸ்டர் என்று பெயர். சூரியனிலிருந்து வீசும் துகள்காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதும்போது நடப்பதை நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் அளப்பது திட்டம். பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் பணிவாழ்வின் நல்ல பகுதியை அந்த நான்கு பெட்டிகளுக்குள் வைத்திருந்தார்கள்.

காலை 8.35-க்குப் புறப்பட்டிருக்க வேண்டும். கவுன்ட் டவுன் ஏழு நிமிடம் மீதமிருக்கையில் நிறுத்தப்பட்டது. வானம் மங்கலாக இருந்தது. ராக்கெட்டைக் கண்ணால் பின்தொடர முடியாது என்றார்கள். ஒரு மணி நேரக் காத்திருப்பு. பிறகு வானம் தெளிந்தது.

9 மணி 33 நிமிடம் 59 விநாடி. நடு எஞ்சின் பற்றியது. ஏழு விநாடி கழித்து பூஸ்டர்கள் பற்றின. ராக்கெட் எழுந்தது.

எல்லாம் சரியாக இருந்தது. முப்பத்தாறு விநாடி வரை.

* * *

இங்கே கொஞ்சம் நிற்போம். ராக்கெட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அடுத்த விநாடிக்குப் போனால் எதுவும் புரியாது.

ராக்கெட்டுக்குக் கண் கிடையாது. தான் எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை அது உள்ளுணர்வால் அறிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பேருந்தில் போகும்போது வளைவை உடம்பு உணர்வதுபோல. ஜைரோக்களும் முடுக்கமானிகளும் கொண்ட ஒரு கருவி அந்த வேலையைச் செய்கிறது. ஏரியான் பொறியாளர்கள் அதை எஸ்.ஆர்.ஐ. என்பார்கள். அதற்குள்ளேயே ஒரு கணினி இருக்கிறது. அது கணக்கிட்டுத் தரும் எண்களை வாங்கிக்கொண்டு, எஞ்சின் நாசில்களை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புவது என்று முடிவெடுப்பது இன்னொரு கணினி. அதைப் பறப்புக் கணினி என்று வைத்துக்கொள்வோம்.

எஸ்.ஆர்.ஐ. கெட்டால் ராக்கெட் குருடு. எனவே இரண்டு வைத்தார்கள். ஒன்று வேலை செய்யும். மற்றது அதே வேலையைக் கூடவே செய்துகொண்டு தயாராக நிற்கும். முதலாவது விழுந்தால் அந்தக் கணமே இரண்டாவது பொறுப்பேற்கும். இரண்டிலும் ஒரே வன்பொருள், ஒரே மென்பொருள்.

அந்த மென்பொருள் ஏரியான்-4-லிருந்து வந்தது. ஏரியான்-4 நம்பகமான வண்டி என்று பெயரெடுத்திருந்தது. பறந்து பறந்து நிரூபித்த நிரல் கையில் இருக்கும்போது, புதிதாக எழுதிப் புதிய பிழைகளை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? நானாக இருந்தாலும் அப்படித்தான் வாதாடியிருப்பேன். இந்தக் கதையில் முட்டாள்கள் யாரும் இல்லை என்பதை வாசகர்கள் கடைசிவரை நினைவில் வைக்க வேண்டும்.

அந்த நிரலுக்குள் ஒரு சிறு பகுதி. அதன் வேலை, ராக்கெட் தரையில் நிற்கும்போது சமன் பார்ப்பது. கொத்தனார் சுவர் எழுப்பும் முன் ரசமட்டம் வைத்துப் பார்ப்பாரே, அதுபோல. கீழ் எது, வடக்கு எது என்று கருவி தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் பறக்க முடியும்.

பறக்கத் தொடங்கியபின் ரசமட்டத்துக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. ஆனால் ஏரியான்-4-ல் அந்தப் பகுதி ஏவல் வரிசை தொடங்கிய பிறகும் ஐம்பது விநாடி ஓடும்படி வைத்திருந்தார்கள். காரணம் இருந்தது. கடைசி ஒன்பது விநாடிக்குள் கவுன்ட் டவுனை நிறுத்த நேர்ந்தால், சமன் பார்ப்பதை முதலிலிருந்து தொடங்கப் பல நிமிடம் பிடிக்கும். அன்றைய வாய்ப்பே நழுவிப் போகலாம். அந்தப் பகுதி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் விரைவாக மறுபடி எண்ணத் தொடங்கலாம். 1989-ல், 33-வது பறப்பின்போது ஒரே ஒரு முறை அது உண்மையிலேயே கைகொடுத்தது.

ஏரியான்-5-ன் ஏவல் வரிசையே வேறு. அங்கே இந்த ஏற்பாட்டுக்குத் தேவையே கிடையாது. இருந்தும் விட்டுவைத்தார்கள். நன்றாக ஓடுவதைத் தொடாதே என்பது நிரலாளர்களிடையே எழுதப்படாத சட்டம்.

ஆக, தரையிலிருந்து எழும்பி ஏறத்தாழ நாற்பது விநாடி வரை, யாருக்கும் தேவைப்படாத ஒரு கணக்கைப் பறக்கும் ராக்கெட் போட்டுக்கொண்டே இருந்தது.

* * *

இனி அந்த எண்.

ரசமட்டப் பகுதி கணக்கிடும் பல எண்களில் ஒன்றுக்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் பி.எச். ராக்கெட்டின் கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடையது. அது முதலில் 64 பிட் இடத்தில், தசமப் புள்ளியுடன் இருக்கும். பிறகு அதை 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். 16 பிட்டில் கொள்ளும் மிகப்பெரிய எண் 32,767. அதற்கு மேல் ஒன்று கூடினாலும் இடமில்லை. மரக்கால் நெல்லை உழக்கில் கொட்டுகிற வேலை.

இது எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இப்படி நிரம்பி வழியக்கூடிய எண்கள் ஏழு என்று கண்டுபிடித்தார்கள். நான்குக்குக் காவல் போட்டார்கள்: மாற்றும் முன் அளவைப் பார், மீறினால் இன்னது செய் என்று. மூன்றைக் காவலின்றி விட்டார்கள். அந்த மூன்றில் ஒன்று பி.எச்.

ஏன் விட்டார்கள்? அந்தக் கணினியின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு காவலும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும். அதனால் ஒவ்வொரு எண்ணாக எடுத்து யோசித்தார்கள். இந்த மூன்றும் இயற்பியல் விதிகளின்படியே எல்லைக்குள் இருக்கும், அல்லது எல்லைக்கு வெகுதூரம் கீழே இருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

என்னை இந்த வரலாற்றில் நெடுநாளாகத் தொந்தரவு செய்வது இந்த இடம்தான். அவர்கள் அசட்டையாக விடவில்லை. ஒரு நிரூபணம் செய்தார்கள். அந்த நிரூபணம் சரியானது. ஏரியான்-4-ன் பாதையில் பி.எச். ஒருநாளும் 32,767-ஐத் தொட்டிருக்காது. ஒவ்வொரு நிரூபணத்துக்கும் முதல் வரி ஒன்று உண்டு: இன்னது உண்மையாக இருக்கும்வரை. அந்த முதல் வரி நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. ஏன் இந்த மூன்றுக்கும் காவல் இல்லை என்ற நியாயம் மூல நிரலில் ஒரு குறிப்பாகக்கூட இல்லை. காகிதக் கட்டுகளுக்குள் போய்விட்டது. நிரல் மட்டும் அடுத்த ராக்கெட்டுக்குக் குடிபோனது. நியாயம் கூடவே போகவில்லை.

ஏரியான்-5 தன் அண்ணனைவிட வேகமாகக் கிளம்பும். சீக்கிரமே பக்கவாட்டில் சாயும். அதன் கிடைத்திசை வேகம் ஏரியான்-4-ஐவிட ஐந்து மடங்கு விரைவாக ஏறும்.

* * *

ஏவல் தொடங்கி 36.7 விநாடி.

துணைக்கு நின்ற எஸ்.ஆர்.ஐ. பி.எச்.-ஐ மாற்ற முயன்றது. எண் கொள்ளவில்லை. செயலி பிழையறிவிப்பை எழுப்பியது. அதைக் கையாள யாரும் இல்லை. எனவே பொதுவிதி அமலுக்கு வந்தது: எந்தப் பிழை வந்தாலும், அந்தத் தகவலை நினைவகத்தில் பதிந்துவிட்டு, செயலி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அது நின்றது.

ஏறத்தாழ 0.05 விநாடி கழித்து, வேலையில் இருந்த முதல் எஸ்.ஆர்.ஐ.-யும் அதே எண்ணை மாற்ற முயன்றது. அதே நிரல், அதே எண், அதே பிழை. அதுவும் தன்னை நிறுத்திக்கொண்டது.

பறப்புக் கணினி மாற்றுக் கருவியைத் தேடியது. அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

இரண்டு கருவி வைத்தது எதற்காக? ஒரு கம்பி அறுந்தால், ஒரு சில்லு சூட்டில் பழுதானால், மற்றது காப்பாற்றும் என்பதற்காக. இரண்டு கம்பிகள் ஒரே கணத்தில் அறுவது அரிதிலும் அரிது. அந்த அரிதின் மேல்தான் முழு ஏற்பாடும் நின்றது. ஆனால் நிரல் தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. அதில் பிழை இருந்தால் அது முதல் நாளிலிருந்தே எல்லாப் படிகளிலும் இருக்கிறது. ஒரே தவறான விடையை மனப்பாடம் செய்த இரண்டு மாணவர்களை அருகருகே உட்காரவைத்து, ஒருவன் தப்பாக எழுதினால் மற்றவனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பியதுபோல ஆயிற்று.

அடுத்து நடந்ததை நான் முதன்முறை படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

நின்றுபோகும் முன் எஸ்.ஆர்.ஐ. தன் கோளாறு என்ன என்று சொல்லும் ஒரு பிட் வரிசையைத் தடத்தில் அனுப்பியது. பொறியாளர்கள் பின்னால் படித்துத் தெரிந்துகொள்வதற்கான குறிப்பு. பறப்புக் கணினிக்கு அது குறிப்பு என்று தெரியாது. அதற்கு எஸ்.ஆர்.ஐ.-யிடமிருந்து வருவதெல்லாம் பறப்புத் தகவல்தான். அது அந்த மரண வாக்குமூலத்தை ராக்கெட்டின் நிலை என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கின்படி ராக்கெட் பயங்கரமாகத் திசைமாறியிருந்தது. உடனே சரிசெய்ய வேண்டும்.

நேராகப் போய்க்கொண்டிருந்த ராக்கெட்டை அது சரிசெய்தது.

பூஸ்டர்களின் நாசில்களும் நடு எஞ்சினின் நாசிலும் முழு அளவுக்குத் திரும்பின. ராக்கெட் காற்றுக்குக் குறுக்கே 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. அந்த வேகத்தில் காற்று ஒரு சுவர். 39-வது விநாடி வாக்கில் பூஸ்டர்கள் நடு உடலிலிருந்து பிய்ந்தன. அவற்றை இணைத்த தொடர்பு அறுந்ததும், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு இயங்கியது. அது மட்டும் எழுதியபடியே வேலை செய்தது.

தரையிலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம். நான்கு கிளஸ்டர்களும் அதற்குள்.

* * *

ஏவுதளத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் துண்டுகள் விழுந்தன. அந்த நிலம் அலையாத்திக் காடும் சதுப்பும் புல்வெளியும். சேற்றில் தேடினார்கள்.

தேடியது முக்கியமாக இரண்டு பெட்டிகளை. முதலில் எந்தக் கருவி விழுகிறதோ அதன் தகவல் மட்டும் தரைக்கு வரும்படிதான் டெலிமெட்ரி அமைந்திருந்தது. இரண்டும் விழும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. எனவே கடைசியாக நின்ற எஸ்.ஆர்.ஐ. என்ன பார்த்தது என்பது அதன் நினைவகத்துக்குள் மட்டுமே இருந்தது. இரண்டு பெட்டிகளும் கிடைத்தன. நினைவகம் படிக்கும் நிலையில் இருந்தது.

ஜூன் 13 அன்று விசாரணைக் குழு வேலையைத் தொடங்கியது. தலைவர் ழாக்-லூயி லியோன்ஸ். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் உலகப் பெயர் பெற்ற கணித மேதை. பிரான்ஸின் கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியாவையும், பின்பு பிரெஞ்சு விண்வெளி நிறுவனத்தையும் தலைமையேற்று நடத்தியவர். இரண்டு ஆண்டுக்கு முன்புதான் அவருடைய மகன் பியர்-லூயி கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றிருந்தார். குழுவில் இன்ரியாவின் ழீல் கான் என்ற கணினி விஞ்ஞானியும் இருந்தார்.

ஐந்து வாரத்தில், ஜூலை 19 அன்று அறிக்கை தயார். நான் பலமுறை படித்திருக்கிறேன். சின்ன அறிக்கை. யார் மேலும் விரல் நீட்டாது. பி.எச்.-க்குக் காவல் வேண்டாம் என்ற முடிவு ஒரு நிரலாளரின் முடிவு என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. திட்டப் பங்காளிகள் பல படிநிலைகளில் கூடி எடுத்த முடிவு அது.

அதைவிடக் கனமான ஒரு விஷயம் உள்ளே இருந்தது. எஸ்.ஆர்.ஐ.-க்கான தேவைப் பட்டியலில் ஏரியான்-5-ன் பறப்புப் பாதையே சேர்க்கப்படவில்லை. அதையும் பங்காளிகள் ஒப்புக்கொண்டே செய்திருந்தார்கள். புதிய ராக்கெட்டுக்குக் கருவி செய்கிறவர்களிடம், அந்த ராக்கெட் எப்படிப் பறக்கும் என்று எழுதித் தரவில்லை.

சரி, சோதனையில் தெரிந்திருக்க வேண்டாமா?

முழு ராக்கெட்டையும் தரையில் பாவனையாகப் பறக்கவிடும் சோதனைக்கூடம் இருந்தது. பறப்புக் கணினி உண்மையானது. ஆனால் எஸ்.ஆர்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில், அதுபோல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்தார்கள். உண்மையான எஸ்.ஆர்.ஐ. ஏற்கெனவே தகுதிச் சான்று பெற்றதாயிற்றே, அதை இங்கே மறுபடி ஏன் சோதிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நடித்தது அழகாக நடித்தது. அதற்குள் பி.எச். கிடையாது.

விபத்துக்குப் பிறகு, எஸ்.ஆர்.ஐ.-யின் அதே நிரலுக்கு ஏரியான்-5-ன் பாதையைக் கொடுத்துத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். அதே இடத்தில், அதே வரிசையில் விழுந்தது.

ஒருமுறை முன்பே ஓட்டியிருந்தால் போதும்.

* * *

அறிக்கையின் பரிந்துரைகளில் பெரும்பாலானவை நடைமுறை சார்ந்தவை. ராக்கெட் எழும்பியதும் ரசமட்டப் பகுதியை நிறுத்து. தேவையற்ற எதையும் பறப்பில் ஓடவிடாதே. உண்மைக் கருவிகளை வைத்துச் சோதி. எந்த உணர்கருவியும் திடீரென்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது. தன்னால் முடிந்தவரை நல்ல மதிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் ஓரிடத்தில் குழு அடித்தளத்தையே தொட்டது. ஏரியான் திட்டத்தில் ஊறியிருந்த எண்ணம், பழுது என்றால் அது வன்பொருள் பழுது என்பது. மென்பொருள் தவறு என்று காட்டப்படும்வரை அது சரி என்றே கொள்ளப்பட்டது. குழு அதைத் தலைகீழாகத் திருப்பியது. ஏற்றுக்கொள்ளப்பட்ட சிறந்த முறைகளால் சரி என்று காட்டப்படும்வரை மென்பொருளைப் பழுதானதாகவே கருத வேண்டும் என்றது.

நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதி. நிரலுக்கு அந்தச் சலுகை இல்லை என்று ஒரு கணித அறிஞரின் குழு தீர்ப்பு எழுதியது.

தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நிரூபிப்பது எப்படி?

1997 ஜனவரியில் பெர்ட்ரண்ட் மேயர், ழான்-மார்க் ழெசெகெல் என்ற இரண்டு கணினி விஞ்ஞானிகள் இந்த விபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒப்பந்தம்தான் வழி என்றார்கள் அவர்கள். ஒவ்வொரு நிரல் துண்டின் வாசலிலும் அதன் நிபந்தனையை எழுதி ஒட்டு: இந்த எண் இந்த எல்லைக்குள் வந்தால் மட்டுமே நான் பொறுப்பு என்று. அது மனிதர் படிக்கும் குறிப்பாக மட்டும் இருக்கக் கூடாது. இயந்திரமே சரிபார்க்கக்கூடிய வரியாக நிரலுக்குள்ளேயே இருக்க வேண்டும். குடிபோகும்போது நியாயமும் கூடவே போகும். ஒப்பந்தம் இல்லாத மறுபயன்பாடு மடமை என்பது அவர்கள் கட்சி.

எதிர்வாதம் உடனே வந்தது. நிபந்தனை எழுதியிருந்தாலும், உண்மைப் பாதையைக் கொடுத்து ஓட்டிப் பார்க்காதவரை அது மீறப்படுவது எப்படித் தெரியும்? முதன்முதலில் மீறப்படும் இடம் அதே 37-வது விநாடியாகத்தானே இருக்கும்? பறப்பில் அதைக் கையாள என்ன எழுதியிருப்பார்கள்? ஒருவேளை அதே பொதுவிதியைத்தான்.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். நியாயத்தை நிரலோடு கட்டிவைக்க வேண்டும் என்பதில் மேயர் சரி. ஆனால் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றால், எத்தனை முறை ஓட்டுவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரல் துண்டு இரண்டு எண்களை வாங்குகிறது. ஒவ்வொன்றும் 32 பிட். சாத்தியமான எல்லா ஜோடிகளையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். விநாடிக்கு நூறு கோடி ஜோடி என்ற வேகத்தில் ஓட்டினாலும் 580 வருடத்துக்கு மேல் ஆகும். நாயக்கர் காலத்தில் தொடங்கியிருந்தால் இன்னும் முடிந்திருக்காது. இது இரண்டே இரண்டு எண்களுக்கு. ஒரு பறப்பு நிரலில் ஆயிரக்கணக்கில் எண்கள்.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் சந்தித்த கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லை என்பதைக் காட்டவே காட்டாது.

* * *

ஏரியான்-5-ன் இரண்டாம் பறப்பு 1997 அக்டோபர் 30-க்கு முடிவானது. அதற்கு முன் பறப்பு நிரல் முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டும். நிரலாளர்கள் வரிவரியாகப் படித்தார்கள். பொறியாளர்கள் உண்மைக் கருவிகளை வைத்து ஓட்டினார்கள்.

இன்ரியாவில் அலென் டாய்ச் என்ற ஆய்வாளர் வேறு வழியில் இறங்கினார். நிரலைப் படிக்க இன்னொரு நிரல் எழுதினார். அது ஏரியான் நிரலை ஒருமுறைகூட ஓட்டாது. எழுத்தாக எடுத்துவைத்துக்கொண்டு, எந்த எண் எந்த எல்லைக்குள் திரியும், எங்கே எல்லையை மீறக்கூடும் என்று தேடும். சில பாதைகளை அல்ல, சாத்தியமான எல்லாப் பாதைகளையும் சேர்த்து.

ஏடா மொழியில் எழுதிய ஒரு ராக்கெட்டின் முழு நிரலை அப்படி அலசியது அதுவே முதல் முறை.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் புருவம் உயரும். ஏனென்றால், அப்படி ஒரு நிரல் இருக்க முடியாது என்று ஆலன் டூரிங் 1936-லேயே நிறுவிவிட்டார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாதா என்று தவறாமல் சொல்லும் பொதுவழி கிடையாது. 1953-ல் ஹென்றி ரைஸ் அந்தக் கதவை இன்னும் இறுக்கினார்: ஒரு நிரலின் நடத்தையைப் பற்றிய சுவையான எந்தக் கேள்விக்குமே அப்படிப்பட்ட பொதுவழி இல்லை. கணிதத்தில் முடியாது என்றால் முடியாதுதான். காலம் போனாலும், கணினி வேகம் கூடினாலும் மாறாது.

டாய்ச் கையில் இருந்த யோசனை அவருடையதும் அல்ல. இருபது வருடம் முந்தையது. 1977-ல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒரு மாநாட்டில், பிரான்ஸின் கிரெனோபிளிலிருந்து வந்த பாட்ரிக் கூசோ, துனிசியாவில் பிறந்த ராதியா கூசோ என்ற இளம் தம்பதி வாசித்த ஒரு கட்டுரையில் அது இருந்தது. டூரிங்கையும் ரைஸையும் வரிவரியாக அறிந்தவர்கள் அவர்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள்.

கதவு பூட்டியது பூட்டியபடியே இருக்க, அந்த இருவரும் எந்த வழியாக உள்ளே போனார்கள்?

(தொடரும்)